மஸ்கட்டில் பிறந்த பெண் வேண்டும்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். ஆடிக்காற்றும் சேர்ந்து வீடெல்லாம் மண். இரண்டாவது தடவையாகக் கூட்டிக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. சென்னையிலிருந்து, கார் வைத்துக்கொண்டு, கோச்சடையில் எங்கள் வீடு வரை.

முதலில் நான் கவனித்தது: அம்மா நீட்டிய சொம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்தாள். கிணற்றுப் பங்குச் சண்டையில், "இனி உங்க வீட்ல கை நனைக்க மாட்டேன்" என்று போனவள். அது நான் பிறப்பதற்கு முன்னால். என் சடங்குக்கு வரவில்லை. அவள் வீட்டு மாமா இறந்தபோது அப்பா சென்னைக்குப் போய் வாசலோடு நின்றுவிட்டுத் திரும்பினார். இன்று ஒரு சொம்பு, ஒரே மூச்சில்.

(நேரில் "வாங்க அத்தை"தான். இந்த நோட்டில் வந்தாள், குடித்தாள், போனாள்.)

அப்பா ஏசி ரிப்பேர் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. "வாக்கா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அத்தை என் பக்கம் திரும்பி, "இதுதான் நம்ம மஸ்கட்டு மகாராணியா? இம்புட்டு வளந்துட்டாளா." கன்னத்தைத் தடவினாள். கையில் வளையல் சூடாக இருந்தது.

பிறகு விஷயம். "முறை விட்டுப்போகக் கூடாது தம்பி. செந்திலுக்கு உம் மகளைக் கேட்டு வந்திருக்கேன்."

செந்தில், அவள் ஒரே மகன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலை. வயது 36. எனக்கு 19. நான் பார்த்ததே இல்லை. இனி செ. என்று எழுதுகிறேன்.

அம்மா அடுப்படிக்கு வந்து என் காதில், "ஆடியில எவளாவது பொண்ணு கேட்டு வருவாளா?" அம்மாவின் முகத்தில் சந்தேகமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது.

அத்தைக்குக் கேட்டுவிட்டது போல. கூடத்திலிருந்து, "பேச்சு மட்டும்தான் இப்ப. ஆவணி பொறந்ததும் பூ வச்சிருவோம்."

என்னை யாரும் கேட்கவில்லை. காபி கொண்டுபோய் வைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

தையல் கடை வேலை. கல்யாண பிளவுஸ், இரண்டு கையிலும் மயில். ஆரி எம்பிராய்டரி ஊசி இரண்டு உடைந்தது. ஓனர் அக்கா ஒரு பார்வை பார்த்தார்.

மும்தாஜ், துணி இழுத்துக் கட்டிய என் பிரேமுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து தைக்கிறவள். மாசி வீதிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறாள். அவளிடம் மட்டும் எனக்குப் பேச வரும்.

"என்னடி ஊசியைக் கொல்ற. யார் மேல கோவம்?"

சொன்னேன்.

"அமெரிக்கா மாப்ளையா? எங்க மாமு மகனும் அங்கதான் இருக்கான். கிரீன் கார்டு வரட்டும், கிரீன் கார்டு வரட்டும்னு தாடி நரைச்சிருச்சு. கார்டு மட்டும் வரல."

"அது என்னடி கார்டு?"

"அது இருந்தா அங்கேயே தைரியமா இருக்கலாமாம். இல்லைன்னா வேலை போனா ஊருக்கு வண்டி ஏத்திருவானாம். போயிட்டு வா, குளிருக்கு நல்லாத் தூக்கம் வரும்."

சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்ததும் போய்விட்டது.

அத்தை என்னைப் பற்றி இதுவரை சொன்னது (என் காதில் விழுந்தது மட்டும். போன வருடம் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், எனக்கு முதுகுப் பக்கமாக உட்கார்ந்து):

— வாய் பேசாத பிள்ளை.
— பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது.
— ஜாக்கெட் தைக்குதாம்.

நேற்றுச் சொன்னது:

— தங்கம்.
— அடக்கமான பிள்ளை.
— கைத்தொழில் தெரிஞ்ச பிள்ளை.

நான் அதே பிள்ளைதான். பிளஸ் ஒன்னில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். குரல் வரவில்லை. சிரித்தார்கள். அடுத்த நாள் போகவில்லை, அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. ஏன் என்று வீட்டில் ஒரு தடவை கேட்டார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். அன்றைக்கும் நான் அடக்கம்தான். அப்போது அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

லீவு. தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய். எனக்கு இரண்டு.

டவுனில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் அத்தை காலையில் வந்து போனைக் கையில் திணித்தாள். "பேசு தங்கம். அங்க அவனுக்கு இப்பதான் வேலை முடிஞ்சிருக்கு." மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். பேசினேன் என்று எழுதுவது பொய். "ம்" சொன்னேன்.

செ. முகம் களைப்பாக இருந்தது. முன்மண்டையில் முடி இல்லை. கெட்டவர் மாதிரி இல்லை. அது இன்னும் எரிச்சல்.

"அம்மா எல்லாத்தையும் சொல்லியிருப்பாங்க இல்லையா?"

ம்.

"இருந்தாலும் நானே ஒருதடவை சொல்லிடறேன் காவ்யா. உன்கிட்ட மறைச்சு வைக்கக் கூடாது."

சொன்னார். ஆபீசில் பாடம் எடுப்பதுபோல நிதானமாக. கிரீன் கார்டுக்கு அவர் நிற்கும் வரிசை நாடு நாடாகப் பிரித்ததாம். எந்த நாட்டில் பிறந்தோமோ அந்த வரிசை. இந்தியாவில் பிறந்தவர்கள் வரிசை வருடக்கணக்கில் நகர்வதில்லை. மாதாமாதம் ஒரு பட்டியல் வருமாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் மாதிரி திறந்து பார்ப்பார்களாம். சில மாதம் பின்னாலும் போகுமாம். முன்னால் நிற்பவன் நகராமல் வரிசை எப்படிப் பின்னால் போகும்? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"அம்புட்டு வழியும் பார்த்துட்டேன்" என்று அவர் சொன்னவை:

1. பெரிய மேதை என்று நிரூபிப்பது. பரிசு, பத்திரிகையில் பெயர். ("நான் பேங்குக்கு சாப்ட்வேர் எழுதறவன். எனக்கு யாரு பரிசு குடுப்பா?")
2. கம்பெனி வேறு நாட்டுக்கு மேனேஜராக அனுப்பித் திரும்பக் கூப்பிடுவது. கம்பெனி மாட்டேன் என்றுவிட்டது.
3. கோடிக்கணக்கில் முதலீடு. சிரித்தார்.
4. கனடா. எல்லாம் மறுபடி முதலிலிருந்து.
5. வேறு நாட்டில் பிறந்த பெண்ணைக் கட்டுவது. பெண்டாட்டி பிறந்த நாட்டு வரிசையில் புருஷனும் நிற்கலாம்.

ஐந்தாவது நான்.

"மலேசியாவுல பொறந்த பொண்ணு ஒண்ணு வந்துச்சு, ஜாதகம் சேரல. சிங்கப்பூர்ல ஒண்ணு, அவங்க வீட்ல ஒத்துக்கல. அப்பதான் அம்மா, நம்ம தம்பி மக மஸ்கட்ல பொறந்தவதானேன்னாங்க. ஓமன் வரிசை ரொம்பக் குட்டி. ஒரு தடவை துணிஞ்சு ஊருக்கு வாரேன், கல்யாணத்தை முடிச்சு உன்னைக் கூட்டிட்டு வந்து, ரெண்டு பேருக்கும் சேர்த்து மனுப் போடணும். உனக்கு ஏதாவது கேக்கணுமா?"

ம்.

"அது ஆமாவா, இல்லையா?"

அத்தை வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

நான் பிறந்தது திருமங்கலம்.

அப்பாவுக்கு அப்போது மஸ்கட்டில் ஏசி மெக்கானிக் வேலை. அம்மாவும் கூட இருந்தாள். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் அம்மாவை விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார். வளைகாப்பு, பிரசவம், பெயர் வைத்தது, எல்லாம் திருமங்கலத்தில். பத்து மாதக் குழந்தையாகத்தான் என்னை மஸ்கட்டுக்குத் தூக்கிப்போனார்கள். மூன்று வயதில் மொத்தமாகத் திரும்பி வந்தோம். ஊரே "மஸ்கட்டுப் பாப்பா" என்றது. அப்போதெல்லாம் அத்தைக்கு எங்களோடு பேச்சு இல்லை. நான் பிறந்ததும் மஸ்கட்டில்தான் என்பது அவளாக நினைத்துக்கொண்டது.

அத்தையும் செ.யைப் பெற்றுக்கொள்ள எங்கள் அப்பா வீட்டுக்குத்தான் வந்தாளாம். அவள் பிள்ளைக்கு ஒரு வழக்கம், எங்கள் அம்மாவுக்கு ஒரு வழக்கமா? எங்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவ்வளவு தெரிந்துகொண்டு பெண் கேட்டு வந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 16, சனி

அம்மாவிடம் சொன்னேன். துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். பிழிந்த துணியை இன்னும் ஒருதடவை பிழிந்தாள்.

நான் எதிர்பார்த்தது: அம்மா கொதிப்பாள்.

நடந்தது: "அவ கேட்டாளா, எங்க பொறந்தான்னு?"

"இல்ல."

"நாம சொன்னோமா, மஸ்கட்னு?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன. வாயை மூடிக்கிட்டு இரு."

"தெரியாமலா போயிரும்? பேப்பர் கேப்பாங்க."

"கேக்கும்போது பாத்துக்கலாம். கழுத்துல ஏறின தாலி எந்த ஊர்ல பொறந்தேன்னு கேக்காது. என்னை வக்கத்த வீட்டுப் பொண்ணுன்னு ஊர் கூட்டி ஏசுனவ. அவளா வந்து குழியில விழுகுறா. நான் எதுக்குக் கை குடுக்கணும்?"

"அந்தக் குழியில நானும்தான் இருப்பேன்."

அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. "உங்கப்பாகிட்ட உளறி வைக்காத. அக்கா வந்துட்டான்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு அலையுறாரு."

அலைகிறார்தான். பால்காரரிடம் சொன்னார். எதிர்வீட்டில் சொன்னார். புதுச் சட்டை எடுத்திருக்கிறார்.

ஆக, ஒருத்தி நான் பிறக்காத ஊருக்காக என்னைக் கேட்கிறாள். இன்னொருத்தி பிறந்த ஊரை மறைத்து என்னைக் கொடுக்கிறாள். நடுவில் செ. தினமும் காலையில் எழுந்து என் முகத்தைப் பார்ப்பார். இவளால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைப்பார். வாய் திறந்து திட்டக்கூட மாட்டார், அப்படிப்பட்டவர். அந்த வீட்டில் நான் எங்கே போய் உட்காருவேன்?

சோப்புத்தண்ணீரை வாசலில் ஊற்றினேன். வாளியை வேண்டுமென்றே சத்தமாக வைத்தேன். யாரும் திரும்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பூ வைப்பது. நாள் குறித்தாகிவிட்டது. மேகம், மழை இல்லை.

இதையும் எழுதிவிட வேண்டும். முதல் நாள், காரணம் தெரிவதற்கு முன்னால், கண்ணாடி பார்த்தேன். பனியில் கோட்டுப் போட்டு நிற்பதுபோல நினைத்துப் பார்த்தேன். என்னை ஒருவர் கேட்டு வந்திருக்கிறார் என்று இருந்தது. அதற்காக இப்போது கண்ணாடி மேலேயே கோபம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடைக்கு லீவு சொல்லவைத்து அத்தை சேலை எடுக்கக் கூட்டிப்போனாள். நான், அவள், டிரைவர். பைபாஸ் ரோட்டில் நெரிசல். அத்தை தானாகப் பேச ஆரம்பித்தாள்.

"உங்க மாமா செத்தப்ப செந்தில் வரல. ஊரே கேட்டுச்சு. இங்க வந்துட்டு விசாவுல முத்திரை கிடைக்கலைன்னா திரும்பப் போக முடியாது, வேலை போயிரும். ஐஸ் பெட்டிக்கு எதிர்ல போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான். கை வலிக்குதா அம்மான்னு கேக்குறான். அப்பாவைப் பார்த்துக்கிட்டே எங்கிட்ட கை வலிக்குதான்னு கேக்குறான்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நாளைக்கு நான் போனாலும் போன்லதான் கொள்ளி வைப்பானா?"

அப்போது சொல்லியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. அத்தை, நான் மஸ்கட் இல்லை, வேறு பெண் பாருங்கள் என்று. வஞ்சகம் இல்லாமல் சொல்லியிருப்பேன்.

அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, என் தொடையில் தட்டி, சிரித்துக்கொண்டே, "நீ மட்டும் மஸ்கட்ல பொறக்காம இருந்திருந்தா இந்தப் பக்கம் நான் எதுக்கு வாரேன் சொல்லு" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். டிரைவரும் சிரித்தார்.

வாயை மூடிக்கொண்டேன்.

எங்கேயோ கடல் தாண்டி யாரோ போட்ட வரிசை. அதன் வால் எங்கள் வீட்டுக் கூடம் வரை நீண்டு கிடக்கிறது. அதை நான் எதற்கு மிதிக்க வேண்டும்? அவர் அப்பாவை அவர் பார்க்க முடியாமல் போனது அநியாயம். அந்த அநியாயத்தை நான் செய்யவில்லை.

சேலை அரக்கு. எனக்குப் பிடித்தது பச்சை. யாரும் கேட்கவில்லை (மறுபடியும்).

ஆகஸ்ட் 21, வியாழன்

பகலில் மின்வெட்டு. கடையில் ஜன்னல் வெளிச்சத்தில் மயிலுக்குக் கண் வைத்தேன்.

திருமங்கலம் மாமா, அம்மாவின் தம்பி, ராத்திரி போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் அம்மா. "என்னக்கா, எங்க வீட்ல பொறந்த புள்ள அமெரிக்கா போகுதாமே—" அம்மா ஸ்பீக்கரை அணைத்த வேகம். போனைக் காதில் ஒட்டிவைத்து, வாயைப் பொத்திக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை வந்தா பேசாம உக்காந்து சாப்பிட்டுப் போ. பழைய கதை ஒண்ணும் எடுக்காத."

அப்பா டிவியைக் குறைத்து, "என்னவாம் உன் தம்பிக்கு?"

"சீர்த்தட்டு எத்தனைன்னு கேக்குறான்."

எவ்வளவு சுலபமாக வருகிறது அம்மாவுக்கு. எனக்கு உண்மை சொல்லக்கூட வாய் வருவதில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மும்தாஜிடம் எல்லாம் சொன்னேன்.

"சொல்லிரு" என்றாள்.

"அப்பா?"

"உங்கத்தாவுக்கு வலிக்கும். இப்பவே வலிச்சா வீட்டோட போகும். அப்புறம் வலிச்சா ஊர் சிரிக்கும்."

"எனக்குக் குரல் வராதுடி. அம்புட்டுப் பேர் முன்னாடி."

நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "எங்கிட்ட மட்டும் எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி பேசுற" என்றாள்.

எனக்கு என்ன வேண்டும் என்று தெரியாது. படிப்பா, கடையா, ஒன்றும் தெரியாது. இது வேண்டாம் என்று தெரியும். அது போதாதா?

ஆகஸ்ட் 23, சனி

வாசலில் பந்தல். சமையல்காரர் வந்து அடுப்பு போட்டுப் பார்த்தார். அம்மா, தலைக்குக் குளி, சீக்கிரம் படு.

அப்பா என்னிடம் வந்து நின்றார். "சந்தோசமா ஆத்தா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல், நாற்காலி எண்ணப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன்.

காலை. வெயில் ஏறிவிட்டது. அத்தை பக்கம் ஒரு வேன் நிறைய ஆள். எங்கள் பக்கம் சொந்தம், தெரு. கூடத்தில் ஜமுக்காளம். நடுவில் என்னை உட்காரவைத்தார்கள். அரக்குச் சேலை. கழுத்து வேர்வை. திருமங்கலம் மாமா மூலையில், அம்மா சொன்னபடி பேசாமல்.

தட்டில் மல்லிகைச் சரம். அத்தை அதை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

அத்தை பக்கத்துப் பெரியவர் ஒருவர், "பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்கப்பா" என்றார். சும்மா வழக்கத்துக்கு.

அத்தை சிரித்தாள். "அது என்ன சொல்லப்போகுது. வாயில்லாப் பூச்சி."

"நான் திருமங்கலத்துல பொறந்தேன் அத்தை."

என் குரல்தான். கொஞ்சம் கரகரப்பு. ஆனால் வந்தது.

யாருக்கும் விளங்கவில்லை. பெரியவர், "அதனால என்ன தாயி, நானும் திருமங்கலந்தான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தையின் கை மட்டும் என் தலைக்கு மேல் நின்றுவிட்டது. பூ வாசனை அப்படியே அங்கே நின்றது.

"மஸ்கட்டுதானே?" மெதுவாக.

"மஸ்கட்டுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொறந்தது திருமங்கலம்."

மாமாவுக்கு இதற்குமேல் தாங்கவில்லை. "தலைப்பிரசவம் எங்க வீட்லதானே. ஆட்டோ பிடிக்க ராஜபாளையம் ரோடு வரைக்கும் ஓடுனவன் நான்."

அம்மா அவரைப் பார்த்த பார்வை. பிறகு என்னை.

அப்பா சிரித்த முகத்தோடே, "ஆமாக்கா, திருமங்கலந்தான். அதுக்கென்ன இப்ப?"

அத்தை சரத்தைத் தட்டில் வைத்தாள். குங்குமச் சிமிழ் சாய்ந்தது. யாரும் நிமிர்த்தவில்லை.

நான் சொன்னேன். ஆரம்பித்துவிட்டேனே. "வெளிநாட்டுல பொறந்த பொண்ணைக் கட்டுனா மச்சானுக்குக் கார்டு சீக்கிரம் கிடைக்குமாம்ப்பா. அதுக்குத்தான் என்னைக் கேட்டாங்க."

அப்பாவின் முகம் உடனே மாறவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அதைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது, ஆனால் பார்த்தேன்.

"அதுக்குத்தான் வந்தியாக்கா?"

"எம் புள்ளைக்கு வேற வழியில்லடா" என்றாள் அத்தை. அழுதாள். பொய் அழுகை இல்லை. "பதினோரு வருசமாச்சுடா. எல்லாக் கதவையும் தட்டிட்டான்."

"இந்தக் கதவைக் கடைசியா தட்டுனியாக்கும்" என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை.

வேன் கிளம்பிப் போனது. பெரியவர் மட்டும் என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். எங்கள் பக்க ஆட்களும் செருப்பைத் தேடித் தேடிக் கலைந்தார்கள். மாமா போனை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தார்.

அம்மா: "வாய் பேசாதது பேசுன பேச்சைப் பாரு." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்பா பந்தலில், அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் போய் நின்றேன். என்னைப் பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை.

சமையல்காரர் பின்பக்கமிருந்து கரண்டியோடு வந்தார். பந்தலில் இலைகள் வரிசையாகப் போட்டுக் கிடந்தன, காற்றில் படபடத்துக்கொண்டு. "சாம்பார் ஆறுதுண்ணே. பரிமாறவா, வேணாமா?" அப்பாவிடம் மறுபடியும் கேட்டார்.

"பரிமாறுங்கண்ணே" என்றேன்.

முதல் இலையில் போய் உட்கார்ந்தேன். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தேன். சாப்பிட்டேன்.